நின்னுச்சா? எப்படி நின்னுச்சு? பழைய ஃபியட்ட வச்சு டெல்டால ரேலி ஓட்டுறவங்களுக்கு

பழைய வண்டிய ரேலிக்கு எடுத்துட்டுப் போறவங்க பாதிப் பேர் பண்ற தப்பு ஒண்ணுதான். வண்டி நின்னவுடனே பானட்டத் தூக்கிட்டு கைக்கு எட்டினதையெல்லாம் திருக ஆரம்பிச்சிடுவாங்க, பிளக்கக் கழட்டுவாங்க, கார்புரேட்டர் ஸ்க்ரூவ ரெண்டு சுத்து சுத்துவாங்க, பிளக்குங்களுக்குக் கரண்டப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர அசைச்சு விட்டுடுவாங்க, கடைசில ஒரு கோளாறுல நின்ன வண்டிக்கு நாலு கோளாறு ஆயிடும். நானும் பண்ணிருக்கேன், அதனாலதான் சொல்றேன். பானட்டத் தொடுறதுக்கு முன்னாடி சீட்டுல உக்காந்தபடியே உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இது எப்படி நின்னுச்சு? லைட்ட அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுச்சா, இல்ல விக்கல் எடுத்து, திணறி, கொஞ்சம் கொஞ்சமா உயிர விட்டுச்சா? பட்டுனு நின்னா கரண்ட். விக்கி விக்கி நின்னா பெட்ரோல். இந்த ஒண்ண மட்டும் சரியா கவனிச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

நம்ம கைல இருக்கறது பிரீமியர் பத்மினி, நாம எல்லாரும் ஃபியட்னே கூப்பிடற வண்டி. பம்பாய் குர்லால செஞ்சது, 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர் கம்பு, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வச்சிருக்கறவங்களுக்கும் கீழ சொல்றது முக்காவாசி பொருந்தும். (ஹெரால்ட்காரங்க குடுத்து வச்சவங்க, பானட் மொத்தமா முன்னாடி சாயும், டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம். நாங்கதான் குனிஞ்சு குனிஞ்சு இடுப்ப ஒடச்சுக்கறோம்.)

ரேலின்னா ரேஸ் இல்லங்கறதையும் சொல்லிடறேன், ஏன்னா வேகமா போறவன்தான் ஜெயிப்பான்னு நெனச்சு வர்றவங்க இன்னும் இருக்காங்க. நேரம், வேகம், தூரம், இந்த மூணும் சேர்ந்த கணக்கு இது. ரேலி நடத்தறவங்க குடுக்கற ரோடு புக்குல ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு துலிப் படம் (எந்தப் பக்கம் திரும்பணும்னு அம்புக்குறி போட்ட சின்னப் படம்), எந்தத் தூரம் வரைக்கும் எந்த வேகம்னு ஒரு சார்ட். மணிக்கு 36 கிலோமீட்டர்ல போகணும்னா ஒரு கிலோமீட்டருக்கு 100 செகண்ட், 40ன்னா 90, 30ன்னா 120. மார்ஷல் எந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி கடிகாரத்தோட உக்காந்திருப்பார்னு தெரியாது. லேட்டா போனா பாயிண்ட் போகும், சீக்கிரம் போனா பல ரேலில அதவிட அதிகமா போகும். அதனால கோளாறு வந்தா நாம பாக்கவேண்டியது வண்டிய எப்படி முழுசா சரி பண்றதுன்னு இல்ல, எத்தனை நிமிஷத்துல மறுபடி நகர வைக்கலாம்ங்கறதுதான். முழு வைத்தியம் வீட்டுல.

பைல என்ன இருக்கணும்னா, ஒரு செட் பாயிண்ட் (ரேலி பாயிண்ட் இல்ல, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடி கரண்ட விட்டு விட்டு அனுப்பறது), அதுக்கான கண்டென்சர், ரோட்டார், ஒரு ஃபேன் பெல்ட், ரெண்டு மீட்டர் பெட்ரோல் டியூப் கிளிப்போட, பிளக்குல பொறி வர்றதுக்கு வோல்ட்ட ஏத்திக் குடுக்கற காயில் பழசா நல்லதா ஒண்ணு, 12 வோல்ட் பல்புல ரெண்டு ஒயர் இழுத்துக் கட்டின டெஸ்ட் லேம்ப், அஞ்சு லிட்டர் தண்ணி, ரெண்டு பழைய துண்டு, தீயணைப்பு சிலிண்டர், அப்புறம் ஒரு கருக்கரிவாள். அரிவாள் எதுக்குன்னு கீழ வரும்.

"செல்ஃப் போட்டா டொக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்"

ஹெட்லைட்டப் போட்டுட்டு செல்ஃப் போட்டுப் பாருங்க. லைட் செத்துப்போனா பேட்டரி இறங்கிருக்கு இல்ல டெர்மினல்ல வெள்ளப் பச்சையா பூத்திருக்கு, சுடுதண்ணிய ஊத்திக் கழுவி இறுக்குங்க. லைட் அசையாம பளிச்னு எரிஞ்சா கரண்ட் செல்ஃப் மோட்டாருக்கே போகல. இங்க ஒண்ணு சொல்லணும், புதுசா பெயின்ட் அடிச்சு ஜொலிக்கற வண்டிங்கள்லதான் இந்தத் தொல்லை அதிகம், ஏன்னா பெயின்டர் எர்த் பட்டை (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பறதுக்கானது) உக்கார்ற இடத்துலயும் சேர்த்து அடிச்சிருப்பார். பெயின்ட்டச் சுரண்டி இரும்பு தெரியிற மாதிரி பண்ணி மாட்டுங்க. ரேலி அன்னைக்குன்னா தள்ளு ஸ்டார்ட்தான், ரெண்டாவது கியர்ல போட்டு. நம்ம ஊர்ல தள்ளறதுக்கு ஆள் பஞ்சமே கெடையாது, டீக்கடை வாசல்ல நின்னா நாலு பேர் சொல்லாமலே வந்துடுவாங்க.

"செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது"

மார்கழி, தை மாசம் காலைல ஆறு மணி ஸ்டார்ட்னா மொதல்ல பனியச் சந்தேகப்படுங்க. ஆத்தங்கரை ஊர்ல ராத்திரி முழுக்க வெளில நின்ன வண்டில டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் கோத்துக்கும். கழட்டி உள்ள வெளில காஞ்ச துணியால தொடச்சிட்டு, வெயில்ல காட்டிப் பாருங்க, உள்ள பென்சிலால கோடு போட்ட மாதிரி மெல்லிசா கறுப்புக் கோடு ஓடுச்சுன்னா மூடியில விரிசல், கரண்ட் அது வழியாத்தான் ஓடுது, மூடிய மாத்தணும். பெட்ரோல் வாடை குப்புனு அடிச்சா சோக்க ஓவரா இழுத்து பிளக்க நனச்சிருக்கீங்க. சோக்க உள்ள தள்ளிட்டு ஆக்சிலேட்டர அடிவரைக்கும் மிதிச்சபடியே பத்து செகண்ட் செல்ஃப் போடுங்க. பம்ப் பண்ணாதீங்க, பம்ப் பண்ணப் பண்ண உள்ள ஊத்திக்கிட்டே இருக்கும்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, பட்டுனு அணைஞ்சுடுச்சு"

இது கரண்ட். சந்தேகமே வேண்டாம்.

எங்களுக்கு இது நடந்தது திருவையாறுலேந்து கணபதி அக்ரஹாரம் தாண்டி கபிஸ்தலம் போற வழில. வண்டி 36ல அழகா போய்க்கிட்டு இருக்கு, பக்கத்துல மச்சான் ரோடு புக்க மடில வச்சுக்கிட்டு செகண்ட் எண்ணிக்கிட்டே வர்றார், ஒரு விக்கல் இல்ல, ஒரு ஒதறல் இல்ல, இன்ஜின் சத்தமே இல்லாம டயர் சத்தம் மட்டும் கேக்குது. ஓரம் கட்டினோம். மச்சான் உடனே "பெட்ரோல் இருக்கா பாரு மாப்ள"ன்னார். நான் டெஸ்ட் லேம்ப எடுத்தேன்.

லேம்போட ஒரு ஒயர் பாடில, இன்னொண்ணு காயில்லேந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற டெர்மினல்ல. சாவி ஆன். ஒருத்தர் செல்ஃப் போடட்டும், நீங்க லேம்ப மட்டும் பாருங்க. மினுக் மினுக்குனு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா பாயிண்ட் வேலை செய்யுது, கோளாறு அதுக்கு அப்புறம், அதாவது காயில், கண்டென்சர், ரோட்டார், மூடி, காயில்லேந்து மூடிக்கு வர்ற நடு ஒயர் இதுல ஒண்ணு. விடாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா பாயிண்ட் ஒட்டல, இல்ல அதுக்குப் போற ஒயர் அறுந்திருக்கு. எரியவே இல்லன்னா காயிலோட இன்னொரு டெர்மினலுக்கு லேம்ப மாத்திப் பாருங்க, அங்கயும் எரியலன்னா சாவி பக்கமிருந்தே கரண்ட் வரல, அங்க எரிஞ்சா பாயிண்ட் மூடியே கெடக்கு இல்ல ஒயர் எங்கயோ பாடியத் தொடுது. இவ்ளோதான். ரெண்டு நிமிஷம்.

எங்களுக்கு விடாம எரிஞ்சுது. மூடியக் கழட்டினேன், பாயிண்ட் நல்லா திறந்து மூடுது, இடைவெளியும் சரி, ஒயரும் பாக்கறதுக்கு முழுசா இருக்கு. அப்புறம் அந்த ஒயர ரெண்டு விரலால பிடிச்சு லேசா இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டுச்சு. உள்ள இருக்கற செம்பு இழை அறுந்து வெறும் தோல் மட்டும் தொங்குது! வேகம் கூடக் குறைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தட்டு இப்படி அப்படி ஆடும்ல, அந்த ஆட்டத்துலயே வருஷக்கணக்கா மடங்கி மடங்கி அறுந்திருக்கு. பக்கத்துல இருந்த சைக்கிள் கடைல ஒரு சாண் ஒயர் வாங்கி முறுக்கிப் போட்டோம். மொத்தம் 14 நிமிஷம் போச்சு, அதுல அஞ்சு நிமிஷம் சைக்கிள் கடைக்காரர் வண்டியச் சுத்திப் பாத்துட்டு அவங்க தாத்தா வச்சிருந்த ஃபியட்டப் பத்திச் சொன்னது. துண்டு ஒயரக் குடுத்தவர்ட்ட எப்படி நேரமாச்சுன்னு சொல்றது.

லேம்ப் மினுக்கினா, மூடில நடு ஒயரக் கழட்டி, கைப்பிடில ரப்பர் இருக்கற பிளையரால பிடிச்சு, இன்ஜின் இரும்புலேந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வச்சு செல்ஃப் போட்டுப் பாருங்க. நீலமா, தடியா, சத்தத்தோட பொறி வந்தா காயில் நல்லாருக்கு, ரோட்டாரயும் மூடியையும் பாருங்க. மஞ்சளா, நூல் மாதிரி வந்தா மொதல்ல கண்டென்சர மாத்துங்க, பாயிண்ட் கருகிப்போயிருந்தா அதுவும் கண்டென்சர் வேலைதான். பெட்ரோல் எங்கயாச்சும் கசியுதுன்னா இந்த சோதனை பக்கமே போகாதீங்க.

பாயிண்ட் இடைவெளி சுமாரா 0.4 மில்லிமீட்டர். கேஜ் இல்லன்னா கல்யாணப் பத்திரிகை அட்டை, தடியான அட்டையா இருந்தா கிட்டத்தட்ட அந்தக் கனம் வரும். எங்க வண்டி டாஷ்போர்டுல எப்பவும் ரெண்டு பத்திரிகை கெடக்கும், மச்சானோடதுதான் ஒண்ணு.

"ஆக்சிலேட்டர் குடுத்தா விக்குது, திணறுது, அப்புறம் நிக்குது"

பெட்ரோல். டெல்டா வெயில்ல இதுதான் தலைவலிகளுக்கெல்லாம் தலைவலி, அதுவும் இப்ப பங்க்ல போடற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற அந்தக் காலத்து டயாஃப்ரமும் ரப்பர் டியூபும் எத்தனாலத் தாங்கறதுக்குச் செஞ்சதில்ல, ஊறி உப்பி, உள்பக்கம் செதில் செதிலா உரிஞ்சு, அந்தத் துணுக்கு போய் கார்புரேட்டர் ஜெட்ல, அதாவது பெட்ரோல் போற பொடி ஓட்டைல உக்காந்துக்கும். ஈரத்தையும் இழுத்துக்கும், மாசக்கணக்கா நிறுத்தி வச்ச வண்டின்னா டேங்க் அடில தண்ணி தங்கிடும். ரேலிக்கு ஒரு மாசம் முன்னாடியே டியூப் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற டியூபா மாத்திடுங்க, பம்புக்கும் புது டயாஃப்ரம் போடுங்க. இது மட்டும் கண்டிப்பு.

வழில திணற ஆரம்பிச்சா மொதல்ல டேங்க் மூடியத் திறங்க. ஸ்ஸ்ஸ்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா மூடில காத்து ஓட்டை அடைச்சிருக்கு, டேங்க்குக்குள்ள காத்து வராம பெட்ரோல் இறங்கல. மூடிய லூசா வச்சு ஓட்டுங்க, தீந்துது.

அது இல்லன்னா ஆவி அடைப்பு. அறிகுறி எப்படி இருக்கும்னா, மத்தியானம், டவுனுக்குள்ள மெதுவா ஊர்ந்து வந்திருப்பீங்க, இல்ல தஞ்சாவூர் மாயவரம் லைன்ல ஏதோ ஒரு ரயில்வே கேட்ல பத்து நிமிஷம் நின்னுருப்பீங்க, கேட் திறந்து கெளம்பி சரியா ஒரு ஃபர்லாங் போனதும் விக்கும். இந்த வண்டில பெட்ரோல் பம்ப் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்தச் சூட்டுல பம்புக்குள்ளயும் குழாய்க்குள்ளயும் பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிடுது, பம்ப் ஆவியத்தான் தள்ளும், பெட்ரோல் வராது. துண்ட வாய்க்கால்ல நனச்சு நல்லாப் பிழிஞ்சு, பம்பு மேலயும் கார்புரேட்டருக்குப் போற குழாய் மேலயும் சுத்துங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மேல தண்ணி சொட்டாமப் பாத்துக்கங்க. பானட்டத் திறந்து பத்து நிமிஷம் விடுங்க. பம்புக்கு அடில சின்ன லீவர் இருந்தா கையால நாலஞ்சு தடவ அடிச்சு பெட்ரோல ஏத்துங்க. குழாய்ல துணி உலர்த்தற கிளிப்ப மாட்டினா சரியாயிடும்னு சில பேர் சத்தியம் பண்ணுவாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா மாட்டினா கெடுதலும் இல்ல.

கேட்ல நிக்கும்போது இன்ஜின அணைக்கணுமா வேண்டாமான்னு ஒரு சண்டை எப்பவும் நடக்கும். அணைச்சா ஃபேன் நின்னுடும், காத்து இல்லாம சூடு பூரா பம்புல ஏறும். அதனால டெம்பரேச்சர் முள் நடுவுல இருந்தா ஓட விடுங்க, லேசா ரேஸ் குடுத்து. முள் மேல ஏறினா மட்டும் அணைச்சு பானட்டத் திறங்க.

இன்னொண்ணு, டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சா டயாஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் இன்ஜினுக்குள்ள இறங்குது. ஓட்டாதீங்க, அன்னைக்கு ரேலி முடிஞ்சுதுன்னு வச்சுக்கங்க. நீர்த்த ஆயில்ல ஓட்டினா பேரிங் போயிடும்.

"முள் சிவப்புக்குப் போகுது"

ஃபேன் பெல்ட்ட விரலால அமுக்குங்க, ஒண்ணரை சென்டிமீட்டருக்கு மேல உள்ள போனா லூஸ். அது சரின்னா ரேடியேட்டர் முகத்தப் பாருங்க. அறுப்பு சீசன்ல நெல்லுச் சுணையும் பூச்சியும் வைக்கோல் தூளும் கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், இன்ஜின் பக்கத்துலேந்து முன்பக்கமா தண்ணி அடிச்சுக் கழுவணும், முன்னாடிலேந்து அடிச்சா இன்னும் உள்ளதான் போகும். கொதிக்கும்போது மூடியத் திறக்காதீங்க. ஆறினப்புறம் இன்ஜின ஓடவிட்டுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்துங்க, மொத்தமா பச்சத் தண்ணிய ஊத்தினா ஹெட் வெடிக்கும்.

"ஏதோ கருகற வாடை, அடில சரசரன்னு சத்தம்"

கருக்கரிவாள் இதுக்குத்தான். தை மாசி சம்பா அறுப்புல நம்ம ரோட்டுல பாதி களம். நெல்லும் காயும், வைக்கோலும் கெடக்கும், வண்டிங்க ஏறிப் போனா மணி உதிரட்டும்னு கதிரப் பரப்பியே வச்சிருப்பாங்க. பழைய வண்டில இன்ஜின்லேந்து பின்சக்கரத்துக்குப் போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அடில திறந்தபடி சுத்துது, அதுல வைக்கோல் மாட்டிக்கிட்டா கயிறு திரிக்கற மாதிரி சுத்திக்கிட்டே போகும், பக்கத்துலயே சைலன்சர் குழாய் அடுப்பு மாதிரி காயுது. வாடை வந்த அந்த நிமிஷமே நிறுத்துங்க, வைக்கோல் இல்லாத இடமாப் பாத்து. அணைச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு குடுத்து, தீயணைப்பு சிலிண்டரப் பக்கத்துல வச்சுட்டுக் குனிஞ்சு பாருங்க. கையால இழுத்தா வராது, அவ்ளோ இறுக்கமா இருக்கும், நீள வாக்குல அரிவாளால கீறி விட்டா பாம்புச் சட்டை மாதிரி கழண்டு வரும். திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு தடவ நான் எடுத்தது என் தொடை கனம் இருந்துச்சு, உள்பக்கம் கறுகறுன்னு கருகி, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பிடிச்சிருக்கும். பக்கத்துல நெல்லு வாரிக்கிட்டு இருந்த ஒரு ஆத்தா "ஏன் தம்பி, மாட்டுக்கு ஆவும், கீழ போடாத"ன்னு வாங்கி வச்சுக்கிச்சு.

முடிஞ்சா ஏறவே ஏறாதீங்க. ஓரத்துல நிறுத்தி ஒதுக்கச் சொல்லிக் கேட்டா ஒதுக்கி விடுவாங்க, ஒரு நிமிஷம் லேட்டானா ஆவுது.

"பிரேக் ஒரு பக்கம் இழுக்குது"

மதகு வழிஞ்ச தண்ணில இறங்கி ஏறினா டிரம்முக்குள்ள ஈரம். இடது காலால லேசா பிரேக்க மிதிச்சபடியே கொஞ்ச தூரம் ஓட்டினா காஞ்சுடும். காஞ்சும் இழுத்தா வீல் சிலிண்டர் கசியுது. பெடல் அடிவரைக்கும் போனா அத்தோட நிறுத்திடுங்க, திருவையாறு ரோட்டுல அஞ்சு ஆறு, அஞ்சு பாலம், ஏறி இறங்கற இடத்துலல்லாம் ஜனம். விளையாட்டு இல்ல.

"கியர் கம்பு மாட்டிக்கிச்சு, நகரல"

ஸ்டீயரிங் கியர்ல புஷ் தேஞ்சுட்டா ரெண்டு லீவர் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். பானட்டத் திறந்து, ஸ்டீயரிங் தண்டுக்கு அடில இருக்கற ரெண்டு லீவரையும் கையால நேரா வச்சு நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க. அவ்ளோதான். பலம் போட்டு இழுக்காதீங்க.

"ஆயில் சிவப்பு லைட் எரியுது"

அணைங்க. இப்பவே. மீதிய அப்புறம் பேசலாம்.

"வண்டி நல்லாருக்கு, ஆனா கணக்கு ஒத்து வரல"

டயர் மாத்தியிருப்பீங்க, மீட்டர் பொய் சொல்லும். ஸ்டார்ட்டுக்கு முன்னாடி அவங்க குடுக்கற அளவு தூரத்த ஓட்டிப் பாருங்க. அவங்க 10 கிலோமீட்டர்னு சொன்ன இடத்துல நம்ம மீட்டர் 10.4 காட்டினா புக்குல 25ன்னு போட்டிருக்கற திருப்பம் நமக்கு 26ல வரும். இத எழுதி டாஷ்போர்டுல ஒட்டிக்கங்க, மனசுல வச்சுக்கறேன்னு சொல்ற நேவிகேட்டர நம்பாதீங்க (மச்சான், கோச்சுக்காத). ஸ்பீடோ கேபிளே அறுந்து போச்சுன்னா கிலோமீட்டர் கல்லும் கடிகாரமும்தான், 36ன்னா கல்லுக்குக் கல்லு 100 செகண்ட்.

"சரி பண்ணிட்டோம், ஆனா ஆறு நிமிஷம் போச்சு"

36 வேகத்துல ஆறு நிமிஷம்னா 3.6 கிலோமீட்டர் பின்தங்கிட்டீங்க. 45ல ஓட்டிப் பிடிக்கணும்னா 24 நிமிஷம், 18 கிலோமீட்டர் ஆகும். குடமுருட்டிக் கரை ரோட்டுல, பள்ளிக்கூடம் விடற நேரத்துல, 18 கிலோமீட்டர் 45லயே போயிட முடியுமா? இப்பத்தான் ஆறின இன்ஜின மறுபடி கொதிக்க விடறதுதான் மிச்சம். அதனால நான் துரத்த மாட்டேன். அடுத்த டிசிக்கு (டைம் கன்ட்ரோல், நம்ம கார்டுல நேரம் குறிக்கற இடம்) லேட்டாவே போய் கார்டக் காட்டுவேன், ஏன்னா டிசிய விட்டா போற பாயிண்ட் லேட்டுக்குப் போறதவிட ரொம்பப் பெருசு. இடைவேளை எங்க இருக்கு, அதுக்கப்புறம் புது ஸ்டார்ட் டைம் குடுப்பாங்களான்னு புக்குல பாத்துக்கங்க, குடுத்தா அதோட கணக்கு மறுபடி பூஜ்யத்துலேந்து. தப்பித் தவறி துரத்திப் பிடிச்சு, சீக்கிரமாவும் வந்துட்டீங்கன்னா டிசி போர்டு கண்ணுக்குத் தெரியற தூரத்துல நிறுத்தி நேரம் போக்காதீங்க, அதுக்கும் பெனால்டி உண்டு. முந்தின வளைவுலயே நிறுத்தி, பானட்டத் திறந்து துண்ட மறுபடி நனச்சுப் போடுங்க.